ஏரிப் பலகையில் ‘வலசை’ என்று எழுதலாமா?

கேள்வி: பெங்களூர் ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். எங்கள் வீட்டுப் பக்கத்து ஏரிக்கரையில் ஏரிக் குழு சார்பில் ஒரு பறவைப் பலகை வைக்கப்போகிறோம். சுற்றிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருப்பதால் கன்னடம், ஆங்கிலத்தோடு தமிழிலும் ஒரு பகுதி. அதை எழுதும் பொறுப்பு என்னுடையது. ‘வலசைப் பறவைகள்’ என்று தலைப்புப் போட்டு, ஏரியில் பார்க்கிற பறவைகளின் பெயர்களைக் கீழே எழுதினேன். ராமநாதபுரத்துக்காரரான என் மாமனார் அதைப் பார்த்துவிட்டு, “வலசை போறதுன்னா சண்டைக்கும் பஞ்சத்துக்கும் பயந்து குடியைக் கலைச்சிக்கிட்டு ஓடுறதும்மா. அதைப் போய் பறவைக்கு வைக்கிறியே. புலம்பெயர் பறவைன்னு எழுது” என்கிறார். என் மகனோ, “எங்க கன்னட மிஸ் ‘வலசெ ஹக்கி’ன்னு சொல்றாங்க. அது கன்னட வார்த்தை” என்கிறான். எது சரி? கூழைக்கடாவிலிருந்து வாலாட்டி வரை எல்லாவற்றையும் அந்த ஒரு தலைப்பில் போடலாமா? மே மாத மழைக்கு அப்புறம் நீல நிறப் பட்டாம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாக ஒரே பக்கம் பறந்து போயின. அதுவும் வலசையா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

‘வலசைப் பறவைகள்’ என்ற தலைப்பு சரி. அதை மாற்ற வேண்டாம். மாற்ற வேண்டியது அதன் கீழே இருக்கும் பட்டியலை. நீங்கள் அனுப்பியிருக்கும் பெயர்களில் பாதிக்கு மேல் வலசை போகாத பறவைகள். பறவை ஆய்வோடு, ஏரிப் பலகைகளுக்கும் பள்ளிக் கையேடுகளுக்கும் தமிழில் எழுதிக் கொடுப்பதும் என் வேலை என்பதால், இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் மாமனார் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் சொல்லும் பொருள் இருக்கிறது. பழைய அகராதிகளைப் புரட்டினால் வலசை என்பதற்கு, எதிரிப் படைக்கு அஞ்சி ஊரை விட்டுக் குடிபெயர்ந்து போவது என்ற பொருள்தான் கிடைக்கும். பறவை அங்கே இருக்காது. அவர் ஊர்ப் பக்கமே மண்டபம் போகும் வழியில் பிரப்பன்வலசை இருக்கிறது. தென்காசிப் பக்கம் கணக்கப்பிள்ளைவலசை இருக்கிறது. ஊர்ப் பெயரின் கடைசியில் நிற்கும்போது அந்தச் சொல் ஓடிப்போவதைக் காட்டிலும் வந்து அமர்ந்த குடியிருப்பைத்தான் நினைவூட்டுகிறது. ஆக, மனிதர்கள் கூட்டமாக இடம் மாறுவதைச் சொல்லத்தான் அந்தச் சொல் முதலில் இருந்தது. பறவைக்கு அது பிறகு வந்தது.

பிறகு வந்தாலும் நன்றாக ஊன்றிவிட்டது. இன்றைக்குத் தமிழ்ப் பத்திரிகையிலோ பாடப்புத்தகத்திலோ ‘வலசை’ என்று பார்த்தால் வாசிக்கிறவர் மனதில் வருவது வாத்தும் நாரையும் யானையும்தான். சண்டைக்குப் பயந்து ஓடும் குடும்பம் வருவதில்லை. மாமனாரின் பொருள் செத்துப்போகவில்லை, ஆனால் அந்த வேலையை இப்போது வேறு சொற்கள் செய்கின்றன. ஒரு சொல்லை அதன் பழைய பொருளிலேயே கட்டிப்போட வேண்டியதில்லை.

உங்கள் மகன் சொல்வதும் பாதி சரி. கன்னடத்தில் ‘வலசெ’, தெலுங்கில் ‘வலஸ’, தமிழில் ‘வலசை’. மூன்றும் ஒரே சொல். தெலுங்கில் கூலி வேலைக்கு ஊர் விட்டு ஊர் போகிறவர்களுக்கும் அந்தச் சொல்தான், பறவைக்கும் அந்தச் சொல்தான். கன்னடத்திலும் அப்படியே, வலசெ ஹக்கியும் உண்டு, வலசெ கார்மிகரும் உண்டு. தமிழில் மட்டும் ஒரு பிரிவினை நடந்திருக்கிறது. பறவை, விலங்கு, பூச்சி என்றால் வலசை. மனிதர் என்றால் இடம்பெயர்வு, புலம்பெயர்வு. உங்கள் பலகையில் கன்னடமும் தமிழும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே சொல்லைத் தாங்கி நிற்கப்போகின்றன. பெங்களூரில் அப்படி ஒரு பலகை இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மகனிடம் அதைக் காட்டுங்கள், அவனுக்கும் பிடிக்கும்.

அப்படியானால் ‘புலம்பெயர் பறவை’ என்று ஏன் எழுதக் கூடாது? இலக்கணப்படி தவறு என்று சொல்ல மாட்டேன். காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசும் மக்கள் கலந்து வாழ்ந்ததைச் சொல்லும் பட்டினப்பாலை அவர்களைப் ‘புலம்பெயர் மாக்கள்’ என்கிறது. அங்கே தொடங்கி இன்று வரை அது மனிதர்களின் சொல். ஈழத்திலிருந்து போர்க் காலத்தில் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்களைப் புலம்பெயர் தமிழர் என்கிறோம். 2020 ஊரடங்கில் நெடுஞ்சாலைகளில் நடந்தவர்களைப் புலம்பெயர் தொழிலாளர் என்றோம். திரும்ப முடியாதவர்கள், திரும்பினாலும் பழைய வீடு இல்லாதவர்கள், வழியிலேயே தவித்தவர்கள் என்று அந்தச் சொல்லுக்குள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பாரத்தை ஒரு நீலச்சிறகி வாத்தின் மேல் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அந்த வாத்து எதையும் இழந்துவிட்டு வரவில்லை. அது வருடா வருடம் வரும், போகும்.

வலசைக்கு இன்று நாம் கொடுத்திருக்கும் பொருளின் உயிர் அங்கேதான் இருக்கிறது: பருவம் தவறாமல் போவது, பருவம் தவறாமல் திரும்புவது. போனது மட்டும் இருந்து, திரும்புவது இல்லையென்றால் அது வலசை இல்லை. உணவு கிடைக்காமல் ஒரு வருடம் மட்டும் எங்கோ போய்விட்டு வந்தாலும் அது வலசை இல்லை.

இந்தப் போக்குவரத்தைத் தமிழ் வெகு காலமாகக் கவனித்திருக்கிறது என்பதையும் மாமனாரிடம் சொல்லுங்கள். புறநானூறு 67-இல் பிசிராந்தையார் ஓர் அன்னச் சேவலிடம் பேசுகிறார். குமரித் துறையில் அயிரை மீன் தின்றுவிட்டு வடமலைக்குப் பெயர்ந்து போவாயானால், வழியில் சோழ நாட்டில் உறையூர் மாடத்தில் இறங்கி இளைப்பாறு, கோப்பெருஞ்சோழனைப் பார் என்கிறார். வலசை என்ற பெயர்ச்சொல் அங்கே இல்லை, ‘பெயர்குவை ஆயின்’ என்ற வினைதான் இருக்கிறது. ஆனால் தெற்கே ஒரு தீனி இடம், வடக்கே ஒரு மலை, நடுவில் இளைப்பாற ஓர் இடம் என்று இன்றைய பறவையியல் சொல்லும் மூன்றுமே அந்தப் பாட்டில் இருக்கின்றன. நடுவில் தங்கும் இடம் முக்கியம் என்று பாடியவருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் என்னை அசத்துகிறது.

சரி, பட்டியலுக்கு வருவோம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: ஜூன் மாதம் இது எங்கே இருக்கும்? ஜூனிலும் உங்கள் ஏரியிலேயே ஜோடி சேர்ந்து, குஞ்சோடு திரிகிறது என்றால் அது வலசைப் பறவை இல்லை. ஜூனில் அது இமயமலையிலோ, மத்திய ஆசியாவிலோ, சைபீரியாவிலோ முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது என்றால் உங்கள் தலைப்புக்கு அது பொருந்தும்.

இதை வாலாட்டியில் பார்த்தால் தெளிவாக விளங்கும். நீங்கள் ‘வாலாட்டி’ என்று ஒரே பெயராக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஏரிக்கரையில் குறைந்தது இரண்டு வகை இருக்கும். ஒன்று கறுப்பு வெள்ளையாக, கண்ணுக்கு மேல் பட்டையாக வெள்ளைப் புருவம் வைத்திருக்கும். வெண்புருவ வாலாட்டி. உங்கள் தெருவில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து காலையில் நீளமாகப் பாடுவது இதுதான். வருடம் முழுக்க இங்கேதான் இருக்கும், இங்கேதான் கூடு கட்டும். இன்னொன்று ஒல்லியானது, முதுகு சாம்பல், வாலுக்கு அடியில் பளிச்சென்ற மஞ்சள். சாம்பல் வாலாட்டி. வாலை ஆட்டும்போது பின்னுடம்பே சேர்ந்து ஆடும். ஆகஸ்ட் கடைசி வரை கரையில் அது இருக்காது. செப்டம்பரில் ஒரு நாள் காலையில் ஏரியின் வாய்க்கால் ஓரம் நடந்துகொண்டிருக்கும். ஏப்ரல் முடிவதற்குள் மறுபடி காணாமல் போயிருக்கும். இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் ஓடைக்கரையில் கூடு கட்டுகிற பறவை அது. இரண்டும் ஒரே கரையில் ஒரே புழுவைத் தேடுகின்றன. ஒன்றுக்கு வலசை உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. பலகையில் இந்த இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் அதற்குமேல் விளக்கமே வேண்டாம்.

உங்கள் பட்டியலில் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், தகைவிலான், உள்ளான்கள், சேற்றுப் பூனைப்பருந்து ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். புள்ளிமூக்கு வாத்து, நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, நீர்க்காகம், மீன்கொத்திகள் ஆகியவற்றை எடுத்துவிட்டு ‘நம் ஏரியிலேயே வாழும் பறவைகள்’ என்று இன்னொரு தலைப்பில் போடுங்கள். நாமக்கோழியில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. இங்கேயே இருப்பவையோடு குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வருபவையும் சேர்ந்துகொள்ளும், பார்த்து வேறுபடுத்த முடியாது. சுடலைக்குயிலும் அந்த மாதிரிதான். வட இந்தியாவுக்குத் தென்மேற்கு மழையோடு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற அதே இனம், தென்னிந்தியாவில் ஆண்டு முழுக்க இருக்கவும் செய்கிறது. பலகையில் இவ்வளவு நுணுக்கம் வேண்டாம். யாராவது கேட்டால் சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

கூழைக்கடாவையும் மஞ்சள் மூக்கு நாரையையும் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தமிழில் அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். வேடந்தாங்கலில் சீசன் தொடங்கியதும் ‘வெளிநாட்டுப் பறவைகள் வருகை’ என்ற செய்தி வந்துவிடும். எந்தெந்த நாட்டிலிருந்து என்று ஒரு பட்டியலும் அதில் இருக்கும். ஆனால் வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், வக்கா எல்லாமே இந்த மண்ணின் பறவைகள். குளங்கள் நிறைந்ததும் கூடும், வற்றியதும் தண்ணீர் உள்ள இடங்களுக்குப் பிரிந்து போகும். குளிர்காலத்தைக் கழிக்க வடக்கே இருந்து வருகிற வாத்துகள் அங்கேயும் வருகின்றன, ஆனால் அவை கூடு கட்டுவதில்லை.

இங்கே மத்தூர் பக்கம் கொக்கரெ பெள்ளூருக்குப் போயிருக்கிறீர்களா? பெங்களூரிலிருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். ஊருக்குள், வீட்டு முற்றத்துப் புளியமரத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூடு கட்டுகின்றன. கீழே மாடு கட்டியிருக்கும், மேலே குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்கும். ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றை விரட்டாமல் வைத்திருப்பதால்தான் 2007-இல் அது சமுதாயக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஊர்ப் பெண்களிடம் போய் இது வெளிநாட்டுப் பறவை என்று சொல்லிப் பாருங்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளைப் போலத்தான் அவர்கள் அந்தப் பறவைகளைப் பேசுவார்கள். உங்கள் ஏரியில் மிதக்கும் கூழைக்கடாவும் இப்படித் தென்னிந்தியாவுக்குள்ளேயே தண்ணீரைப் பார்த்து இடம் மாறுகிற பறவைதான். பலகையில் ‘நீரைத் தேடி இடம் மாறும் பறவைகள்’ என்று எழுதுங்கள், போதும்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று குழுவில் யாராவது கேட்கலாம். வெளிநாட்டு விருந்தாளி என்று எழுதிவிட்டால், அது கூடு கட்டும் மரத்தை வெட்டும்போது யாருக்கும் உறைக்காது. விருந்தாளி அடுத்த வருடம் வேறு வீட்டுக்குப் போகட்டும் என்று நினைத்துவிடுவார்கள். அந்தப் பறவைக்கு வேறு வீடு இல்லை.

அதே காரணத்துக்காக, உண்மையான வலசைப் பறவைகளையும் விருந்தாளி என்று எழுத வேண்டாம் என்பேன். நாளிதழ்களுக்கு மிகவும் பிடித்த சொல், ஆனால் கணக்கு உதைக்கிறது. செப்டம்பரில் வந்து ஏப்ரலில் போகும் சாம்பல் வாலாட்டி, வருடத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. குஞ்சு பொரிக்கப் போகும் இடத்தில் அது இருப்பது அதைவிடக் குறைவான காலம். நெல்லைச் சீமைக்காரர்கள் சூறைக்குருவி என்று சொல்லும் சோளப்பட்சி ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிலேயே இந்தியாவுக்குள் வரத் தொடங்கிவிடும், ஏப்ரல் வரை இருக்கும். எட்டு மாதம் தங்குகிறவரை யாராவது விருந்தாளி என்பார்களா? வலசை என்ற சொல் நல்ல சொல்லாக எனக்குப் படுவது, இரண்டு இடத்தையும் அது சொந்த இடமாக விட்டுவைப்பதால்தான்.

வலசை என்றால் கட்டாயம் நாடு தாண்ட வேண்டும் என்றும் இல்லை. ஆறுமணிக்குருவி என்று ஒரு பறவை. அதிகாலையிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு சீழ்க்கை விடும், அதனால் அந்தப் பெயர். பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றுக்கு அடியில் சிவப்பு. இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். தென்னிந்தியாவோடு நின்றுவிடும் பல பறவைகள் இந்திய எல்லையைத் தாண்டுவதே இல்லை, ஆனாலும் அது அசல் வலசைதான். சட்டத்தின் மொழி வேறு. 1979-இல் ஜெர்மனியின் பான் நகரில் கையெழுத்தான வலசை உயிரினங்களுக்கான உடன்படிக்கை, நாட்டு எல்லையைச் சுழற்சியாகவும் முன்கூட்டியே கணிக்கக்கூடிய வகையிலும் கடப்பவற்றைத்தான் கணக்கில் எடுக்கிறது. பல நாடுகள் சேர்ந்து காக்க வேண்டியவை எவை என்று பார்ப்பதற்கு அந்த வரையறை தேவை. ஏரிப் பலகைக்குத் தேவையில்லை.

ஆறுமணிக்குருவியைப் பற்றி இன்னொன்று. அக்டோபர் வாக்கில் பெங்களூர் வீடுகளில் இது திடீரென்று கார் நிறுத்துமிடத்திலோ பால்கனியிலோ உட்கார்ந்திருக்கும். இரவெல்லாம் பறந்து வந்து, விடியற்காலையில் கண்ணாடிச் சுவரில் மோதி விழுந்ததாக இருக்கும், அல்லது களைத்து இறங்கியதாக இருக்கும். உங்கள் அடுக்ககத்தில் அப்படிப் பார்த்தால், மெதுவாகத் துணியால் மூடி எடுத்து, காற்றோட்டத்துக்குத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு வைக்காதீர்கள், குழந்தைகள் சுற்றி நின்று படம் எடுக்க வேண்டாம். காயம் இல்லையென்றால் ஓரிரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். மரம் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்துவிட்டால் தானாகப் போய்விடும். இறக்கை தொங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ உடனே வனவிலங்கு மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள்.

பட்டாம்பூச்சிக் கேள்வி அருமையான கேள்வி. ஆம், நீங்கள் பார்த்தது வலசைதான். நீல வரியன், கருநீல வரியன் வகைகளாக இருக்கும், கூடவே பழுப்புக் கறுப்பு நிறத்தில் சிலவும் பறந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்கு மழை கொட்டத் தொடங்குவதை ஒட்டி அவை கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கமும் போகின்றன. பெங்களூர் அந்த வழியில் இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் மறுபடி மேற்கே திரும்பும் கூட்டத்தைப் பார்க்கலாம்.

பறவைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம், மகனுக்குச் சொல்ல வேண்டிய வித்தியாசம். திரும்பி வருவது அதே பட்டாம்பூச்சி இல்லை. போனவை அங்கே முட்டையிட்டு முடிந்துவிடும். வருவது அவற்றின் வாரிசுகள், இந்த மலையை இதுவரை பார்க்காதவை. தும்பி இன்னும் ஒரு படி மேலே. மழை ஓய்ந்த மாலைகளில் மைதானத்துக்கு மேல் மஞ்சளாகச் சுற்றுமே, அந்தத் தட்டான் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடலைத் தாண்டி கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்று மாலத்தீவில் இருந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் எழுதினார். நாலு தலைமுறை சேர்ந்து முடிக்கும் அந்தச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை இருக்கும் என்று அவர் கணக்கிட்டார். அமூர் வல்லூறு என்ற சிறு பருந்து, நாகாலாந்தில் இறங்கிப் பசியாறிவிட்டு அதே பருவத்தில் அரபிக் கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. வழியில் அதற்குத் தீனி இந்தத் தட்டான்களாக இருக்கலாம் என்பதும் அவர் சொன்னதுதான். ஆகவே ‘திரும்புவது’ என்பதை அதே உடல் திரும்புவது என்று குறுக்கிக்கொள்ள வேண்டாம். அந்தக் குலம் திரும்பினால் போதும்.

பலகைக்குத் தொடர்பில்லாவிட்டாலும் யானையைச் சொல்லாமல் விட முடியவில்லை. நம் ஊருக்குத் தெற்கே பன்னேர்கட்டா காட்டிலிருந்து கேழ்வரகு விளையும் காலத்தில் யானைகள் தளி, ஜவளகிரி வழியாக ஓசூர்ப் பக்கம் சானமாவு காடு வரை வருகின்றன. ஓசூரில் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பயிரைப் பறிகொடுத்த கதை எல்லாரிடமும் இருக்கும். அந்த நஷ்டம் உண்மையானது, இழப்பீடு சரியாகவும் சீக்கிரமாகவும் கிடைக்க வேண்டும். ஆனால் செய்தியில் ‘யானைகள் ஊடுருவல்’ என்று எழுதுவதற்கும் ‘யானைகள் வலசை’ என்று எழுதுவதற்கும் பெரிய தூரம் இருக்கிறது. ஊடுருவல் என்றால் விரட்டினால் முடிந்தது. வலசை என்றால் அடுத்த வருடமும் வரும், எந்த மாதம் வரும், எந்த வழியில் வரும் என்று தெரியும், முன்னாலேயே காவல் போடலாம், வழியை அடைக்காமல் வைக்கலாம். 2020-இல் காந்திநகரில் நடந்த மாநாட்டில், மேலே சொன்ன பான் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் ஆசிய யானையைச் சேர்த்தார்கள். அதே வருடம் அக்டோபரில் நீலகிரி சீகூர் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

மனிதர்களுக்கு இந்தச் சொல்லைப் போடலாமா என்று மாமனார் மறுபடி கேட்பார். ராமநாதபுரம், சிவகங்கைக் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடப் போய்விட்டுத் திரும்புவது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். பருவம் இருக்கிறது, வழி இருக்கிறது, திரும்புவதும் இருக்கிறது. அதை வலசை என்று சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை. தருமபுரி, திருவண்ணாமலையிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் நான் அந்தச் சொல்லைத் தொட மாட்டேன். இயற்கையாக நடக்கும் காரியம் போல அது ஆக்கிவிடும். அவர்கள் ஊரில் கூலி இல்லாததால் வருகிறார்கள், அதைச் சொல்லும் சொல்லைத்தான் போட வேண்டும்.

எழுதும்போது கவனிக்க வேண்டிய சின்ன விஷயங்கள்: வலசைப் பறவை, வலசைப் பாதை, வலசைக் காலம் என்று ஒற்றுப் போட்டு எழுதுங்கள். வினையாக ‘வலசை போகின்றன’, ‘வலசை வருகின்றன’. ‘வலசை இடம்பெயர்வு’ என்று சிலர் எழுதுகிறார்கள், இரண்டும் ஒன்றுதான், ஒன்றை எடுத்துவிடுங்கள்.

பலகைக்கு நான் எழுதித் தரும் வரிகள் இவை, விருப்பப்படி மாற்றிக்கொள்ளுங்கள்:

“வலசைப் பறவைகள்: இமயமலையிலும் அதற்கு அப்பாலும் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை நம் ஏரியில் வாழ்பவை. ஆண்டுதோறும் போய்த் திரும்பும் இவற்றுக்கு இந்த ஏரியும் சொந்த ஊர். சேறும் ஆழமில்லாத தண்ணீரும் இவற்றின் சாப்பாட்டு இடம். நாய்களை அவிழ்த்துவிட வேண்டாம், பிஸ்கட், பொரி போட வேண்டாம்.”

சேறு என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். ஏரியைப் புதுப்பிக்கிறோம் என்று பெங்களூரில் பல இடங்களில் கரை முழுக்கச் செங்குத்தாக வெட்டி, நடுவில் ஆழமாக்கி, சுற்றிலும் நடைபாதை போட்டுவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உள்ளானுக்கு நிற்க ஓர் அடி சேறு மிஞ்சாது, நீலச்சிறகிக்கு மேய ஆழமில்லாத ஓரம் மிஞ்சாது. உங்கள் ஏரியில் தண்ணீர் வரும் பக்கத்தில் ஒரு சரிவான ஓரத்தையாவது அப்படியே விட்டுவைக்கச் சொல்லிக் குழுவில் இப்போதே பேசுங்கள். தூர் வாரும் வேலையைக் கோடையில் முடிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், பலகையின் ஓரத்தில் நான்கு வரி எழுதும் அளவுக்கு ஒரு கறுப்புப் பட்டை விட்டு, ‘இந்த ஆண்டு முதலில் பார்த்த தேதி’ என்று போடுங்கள். சாம்பல் வாலாட்டிக்கு ஒரு வரி, தகைவிலானுக்கு ஒரு வரி, நீலச்சிறகிக்கு ஒரு வரி, ஆறுமணிக்குருவிக்கு ஒரு வரி. 2007-இல் இதே பெங்களூரில் என்.சி.பி.எஸ். ஆய்வு நிறுவனத்திலிருந்து தொடங்கிய மைக்ரன்ட்வாட்ச் என்ற திட்டம், நாடு முழுக்கப் பொதுமக்களிடம் இந்த மாதிரித் தேதிகளைத்தான் கேட்டு வாங்கியது. இப்போது ஈபேர்ட் செயலியில் உங்கள் மகனே அதைப் பதிவு செய்யலாம். சாம்பல் வாலாட்டி செப்டம்பரில் வந்துவிடும், அதற்கு முன்னால் பலகை கரையில் இருக்கட்டும்.